பானெட் லைட்டு எரியுதா?

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஓவர். ஒரு ரிலீஸ், அதுல ஒரு பக், அந்த பக்கை அடிச்சதுல முளைச்ச ரெண்டு குட்டி பக்னு வண்டி ஓடிட்டு இருந்துச்சு. ஆனா இன்னிக்கு சொல்லப் போறது அந்தக் கதை இல்லை, தைரியமா படிங்க. இது எங்க வீட்டு வாசல்ல நிக்கிற கிழட்டுக் கார் ஒண்ணோட கதை. ஒரு மாசமா எங்க குடும்பத்தையே ஆட்டி வெச்ச ஒரு ஷார்ட் சர்க்யூட்.

கார் பேரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். மார்க் 3, 1970 மாடல். என்னை மாதிரி யூத்துங்களுக்குத் (ஹிஹி) தெரியாம இருக்கலாம்ங்கிறதால, கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

அந்தக் காலத்துல நாட்டுல கார்னா மூணே மூணு. அம்பாசிடர் கல்கத்தா பக்கம் உத்தரபாராவுல பொறந்துச்சு. ஃபியட் பம்பாய் குர்லாவுல. மூணாவது நம்மூரு! பெருங்களத்தூர்லேர்ந்து வண்டலூர் போற ஜிஎஸ்டி ரோட்டு மேலயே ஃபேக்டரி. ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1948-ல ஆரம்பிச்சது. இங்கிலாந்துல கவென்ட்ரியில இருந்த ஸ்டாண்டர்ட் கம்பெனியோட கூட்டு. முதல்ல வான்கார்டு, அப்புறம் ஸ்டாண்டர்ட் டென், 1961-லேர்ந்து ஹெரால்ட். ஒரிஜினல் ட்ரையம்ஃப் ஹெரால்ட் 1959-ல அங்க வந்தது. டிசைன் பண்ணது மிக்கெலோட்டின்னு ஒரு இத்தாலிக்காரர். அங்க கடைசி வரைக்கும் ரெண்டு கதவுதான். நம்மாளுங்கதான் மார்க் 3-ல நாலு கதவு வெச்சாங்க. புடவை கட்டின பாட்டிமார் முன்சீட்டை மடக்கிட்டு பின்னாடி தாவ முடியாதுன்னு யோசிச்சிருப்பாங்க போல. 1972-ல கெஸல், 1985-ல ஸ்டாண்டர்ட் 2000, 1988-ல ஃபேக்டரிக்கு மூடுவிழா. அவ்ளோதான் வரலாறு.

அந்த ஃபேக்டரியில வயரிங் மாட்டற இடத்துலதான் எங்க தாத்தா வேலை பார்த்தார். 1977-ல ஒரு ஆபீசர்கிட்டேர்ந்து செகண்ட் ஹேண்ட்ல வாங்கின வண்டி இது. இப்ப அவருக்கு எம்பத்தி நாலு வயசு. ஃபேக்டரி இருந்த நிலத்துல இன்னிக்குக் கண்ணாடிக் கட்டடங்களும் அடுக்குமாடிகளும் நிக்குது. அந்தக் கண்ணாடிக் கட்டடம் ஒண்ணுலதான் நான் ஆணி புடுங்கறேன். தாத்தா வயர் மாட்டின அதே மண்ணுல பேரன் ஜாவா மாட்டறான். இதை நான் ஒரு தடவை டீம் லஞ்ச்ல பெருமையா சொன்னப்ப, பக்கத்துல இருந்தவன் "அப்ப ரெண்டு பேருக்குமே பஸ் பாஸ் ஒரே ஸ்டேஜுக்குத்தான்னு சொல்லு"ன்னான். ரசனை இல்லாத பய.

சரி, விஷயத்துக்கு வரேன்.

மொதல்ல பேட்டரி டவுன் ஆக ஆரம்பிச்சுது. ராத்திரி நல்லா இருக்கும், காலையில சாவி திருகினா 'டக்'னு ஒரே ஒரு சத்தம், அதோட சரி. அப்பா பேட்டரிக்கு வயசாயிடுச்சுன்னு புதுசு வாங்கிப் போட்டார். மூணாவது நாள் அதுவும் படுத்துடுச்சு. தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்துட்டு, "கட்-அவுட் ஒட்டிக்கிது சார்"னார். இது நியாயமான சந்தேகம்தான். இந்த வண்டியில ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோ. என்ஜின் நின்னதும் டைனமோவையும் பேட்டரியையும் பிரிச்சு விடறதுக்குக் கன்ட்ரோல் பாக்ஸ்ல ஒரு குட்டி காந்த சுவிட்ச் இருக்கும். அதுதான் கட்-அவுட். அது பிரியாம ஒட்டிக்கிச்சுன்னா, பேட்டரியில இருக்கற கரண்ட் ராத்திரி பூரா டைனமோ வழியா வடிஞ்சிடும். அண்ணன் அதைச் சுரண்டி, பாலீஷ் போட்டு மாட்டிட்டுப் போனார். ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு.

மூணாம் நாள் தாத்தாவைத் தாம்பரத்துல கண் டாக்டர்கிட்ட காட்ட அப்பா கூட்டிட்டுப் போனார். பின்சீட்ல தாத்தா. இரும்புலியூர் வர்றதுக்குள்ள ஒரு வேகத்தடை. அதுல ஏறி இறங்கினதும் ரப்பர் தீயற நாத்தம். அடுத்த செகண்ட் டேஷ்போர்டுக்கு அடியிலேர்ந்து புகை.

அப்பா வண்டியை ஓரம் கட்டி, சாவியை எடுத்துட்டார். புகை நிக்கலை. சாவிக்கும் இந்த ஷார்ட்டுக்கும் சம்பந்தம் இல்லைன்னு அப்ப யாருக்குத் தெரியும்? தாத்தாவுக்கு முட்டி ரெண்டும் மடங்காது. ஒரு காலை வெளிய வெச்சு, கதவுத் தூணைப் புடிச்சு, மத்த காலை இழுத்துன்னு அவர் வண்டியை விட்டு இறங்க ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். அன்னிக்கும் அவ்வளவு நேரம் ஆச்சு. பக்கத்துல ஜிஎஸ்டி ரோட்டு லாரிங்க உறுமிட்டுப் போகுது, உள்ள புகை, அப்பா தாத்தாவோட அக்குள்ல கை குடுத்துத் தூக்கிட்டு இருக்கார். ஒரு ஆட்டோக்காரர் ஓடி வந்து பேட்டரி வயரைப் புடுங்கினதாலதான் அன்னிக்கு அது நின்னுச்சு. நல்லா இருக்கணும் அந்த மனுஷன்.

வீட்டுக்கு வந்த அப்பா செருப்பைக் கூடக் கழட்டலை. "வித்துடலாம்"னார். அவ்வளவுதான் சொன்னார். பழைய கார் சேர்க்கற ஒருத்தர் ரெண்டு வருஷமாவே கேட்டுட்டு இருக்கார். அவருக்கு அன்னிக்கு ராத்திரியே போன். அம்மா அதுக்கும் மேல. "எவனாவது காசு குடுத்தா குடுங்க, இல்லைன்னா காயலாங்கடையில போடுங்க. சமையல் ரூம் ஜன்னலுக்கு அந்தாண்டை சிலிண்டர் இருக்கு, இந்தாண்டை இது நிக்குது. எனக்குத் தூக்கம் வரலை." அம்மா சொன்னதுல ஒரு வார்த்தை தப்பு கிடையாது.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்ப்போமா? (இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதுக்காவது உபயோகப்படட்டும்.) ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், ரெண்டு மீட்டர் நீளம், அதோட எதிர்ப்பு சுமாரா 0.035 ஓம். 12 வோல்ட்டை அதால வகுங்க. 300 ஆம்பியருக்கு மேல வருது. பேட்டரியோட சொந்த எதிர்ப்பு, தொடற இடத்துல இருக்கற துரு எல்லாம் கழிச்சாலும், வயரை அடுப்புக் கம்பியா மாத்தறதுக்கு தாராளமாப் போதும். வீட்டுல கிரைண்டர், ஃப்ரிட்ஜுக்கு இருக்கற பெரிய பிளக்கே 15 ஆம்பியர்தான்! இப்படி ஆகாம இருக்கத்தான் ஃபியூஸ்னு ஒண்ணு கண்டுபுடிச்சாங்க. எங்க வண்டியில ஃபியூஸ் பாக்ஸே கிடையாது. அவ்வ்வ்.

அந்தக் கால பிரிட்டிஷ் கார்ல மின்சார சாமான் முக்கால்வாசி லூகாஸ் கம்பெனியோடது. ஆரம்பிச்சவர் பர்மிங்காம் ஜோசஃப் லூகாஸ். அவருக்குப் பழைய கார் பிரியர்கள் வெச்சிருக்கற பட்டப்பேரு 'இருளின் இளவரசன்'. நம்ம பாடியில 1961-ல ஆரம்பிச்ச லூகாஸ் டிவிஎஸ் வரைக்கும் அந்த வம்சம் நீளுது. ஆனா ஒண்ணு, லூகாஸ் வயரிங்ல கலர் ஒழுங்கு மட்டும் அருமையா இருக்கும். பழுப்புன்னா பேட்டரியிலேர்ந்து நேரா வர்றது, சாவி இருந்தாலும் இல்லாட்டியும் உயிரோட இருக்கும். வெள்ளைன்னா சாவி போட்டா உயிர் வர்றது. நீலம் ஹெட்லைட், சிவப்பு சைடு லைட், கறுப்பு எர்த். நாங்க எழுதற கோட்ல வேரியபிளுக்குப் பேர் வெக்கற லட்சணத்தைப் பார்த்தா, லூகாஸ்காரங்க தெய்வம்.

நான் அப்பாகிட்ட ஒரே ஒரு வீக்கெண்ட் டைம் கேட்டேன். திங்கக்கிழமை அந்த மனுஷர் வண்டி பார்க்க வர்றதா ஏற்பாடு. "ஷார்ட் எங்கன்னு தெரியாம வித்தா, வாங்கறவன் எரிஞ்சு போவான்பா"ன்னு ஒரு பிட்டைப் போட்டேன். அது வேலை செஞ்சுது.

இந்த இடத்துல தாத்தாவைப் பத்திச் சொல்லணும். ஒரு வருஷமாவே அவருக்கு மறதி. டாக்டர் அதுக்கு மாத்திரை குடுத்திருக்கார். காலையில சாப்பிட்டது மறந்துடும், 1965-ல கேன்டீன்ல போட்ட சாம்பார் ஞாபகம் இருக்கும். புகை வந்த நாள்லேர்ந்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேக்க ஆரம்பிச்சார். "பானெட் லைட்டு எரியுதாடா?"

ஹெரால்டைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். அதுல பானெட்னா மத்த கார் மாதிரி ஒரு மூடி மட்டும் இல்லை. மட்கார்டு, ஹெட்லைட், கிரில் எல்லாம் சேர்ந்த மொத்த மூஞ்சியும் ஒரே துண்டு. ரெண்டு பக்கமும் இருக்கற கொக்கியை எடுத்துட்டுத் தூக்கினா, முதலை வாயைத் திறக்கற மாதிரி மொத்தமா முன்பக்கம் சாயும். அப்புறம் முன் டயர் மேலயே உக்காந்துக்கிட்டு என்ஜின் வேலை பார்க்கலாம். மெக்கானிக்கோட முதுகை நினைச்சுப் பண்ண ஒரே கார் இதுதான்னு தாத்தா சொல்வார். ஆக, பானெட் லைட்டுன்னா எங்களுக்கெல்லாம் ஹெட்லைட்தான். "எரியுது தாத்தா." "ரெண்டும் எரியுதுப்பா." பத்து தடவை, இருபது தடவை. ஒரு நாள் அப்பா பொறுமை போய், "எத்தனை வாட்டிப்பா கேப்பீங்க? எரியுது, எரியுது, எரியுது! போதுமா?"ன்னு கத்திட்டார். அன்னிக்கு ராத்திரி தாத்தா சாப்பாட்டுக்கு எழுந்து வரலை.

சனிக்கிழமை காலையில ஆரம்பிச்சேன். ஆயுதம் என்னன்னா ஒரு பல்பு. 21 வாட் பிரேக் லைட் பல்பு, 12 வோல்ட், நாப்பது ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. பேட்டரியோட எர்த் கேபிளைக் கழட்டிட்டு, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவுல இந்த பல்பை வெச்சுடணும். வண்டியில எல்லா சுவிட்சும் ஆஃப். எங்கயும் லீக் இல்லைன்னா பல்பு எரியாது. முழு ஷார்ட் இருந்தா பல்பு பளிச்சுனு எரியும். கொஞ்சமா கசிஞ்சா மங்கலா எரியும். இதுல பெரிய சௌகரியம், எவ்வளவு பெரிய ஷார்ட்டா இருந்தாலும் 21 வாட் பல்பு 1.75 ஆம்பியருக்கு மேல விடாது. வயரும் தீயாது, நாமளும் தீய மாட்டோம். ஷார்ட்டைத் தொட்டுட்டே நாள் பூரா தேடலாம்.

மல்டிமீட்டர் வெச்சு ஓம் பாருடான்னு சொல்றவங்களுக்கு: பார்த்தேன். எல்லா வயரும் உத்தமர்னு சர்டிபிகேட் குடுத்துச்சு. துருப்பிடிச்ச இடத்துல தொட்டும் தொடாமலும் நிக்கிற ஷார்ட்டை அந்த மீட்டருக்குள்ள இருக்கற சின்ன பேட்டரி கண்டுக்கறதே இல்லை.

பல்பை மாட்டினேன். மங்கலா எரிஞ்சுது! ஆஹா, மாட்டிக்கிட்டான்டான்னு துள்ளிக் குதிச்சேன். ஒவ்வொரு வயரா கழட்டி, அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தா, தாத்தா பின்சீட்ல உக்காந்து கூரை லைட்டைப் போட்டுக்கிட்டு தினத்தந்தி படிச்சுட்டு இருக்கார். அவர் லைட்டும் என் பல்பும் வரிசையில நின்னு ரெண்டும் அழுது வடிஞ்சிருக்கு. எப்ப வந்து உக்காந்தார்னே தெரியலை. தினமும் சாயங்காலம் அந்தப் பின்சீட்ல அரை மணி உக்காருறது அவருக்கு வழக்கம். அன்னிக்குக் காலையிலயே சாயங்காலம் வந்துடுச்சு போல. கூரை லைட்டை அணைச்சேன். என் பல்பும் அணைஞ்சுது. லீக்கே இல்லை!

மத்தியானம் வரைக்கும் உலுக்கினேன், தட்டினேன், வயர்க்கட்டை இழுத்துப் பார்த்தேன். ம்ஹூம். சரி, சாப்பிட்டு வரலாம்னு பல்பை எடுத்துட்டு கேபிளைப் பழையபடி மாட்டி, பானெட்டை மூடிட்டுப் போனேன். போகும்போது வோல்ட் பார்த்தேன், 12.6. மோர் சாதம் முடிச்சு, ஒரு குட்டித் தூக்கம் போட்டுட்டு வந்து பார்த்தா 12.1.

அப்பதான் மண்டையில ஒரு மணி அடிச்சுது. காலையிலேர்ந்து பானெட் திறந்திருந்துச்சு, ஷார்ட் இல்லை. மூடினேன், ஷார்ட் வந்துடுச்சு. எங்க தொழில்ல இதுக்கு ஹைசன்பக்னு பேரு. டீபக்கரைப் போட்டுப் பார்த்தா ஒழுங்கா ஓடும், எடுத்தா செத்துப் போகும். எலக்ட்ரீஷியன் அண்ணன் பார்த்ததும் பானெட்டைத் திறந்துதான், நான் பார்த்ததும் திறந்துதான். திறக்காம எப்படிய்யா பார்க்கறது?

பேட்டரி இருக்கறதும் பானெட்டுக்குள்ளதான். அதனால பழைய ஸ்பீக்கர் வயர் மூணு மீட்டர் எடுத்து, பல்போட ரெண்டு முனையையும் நீட்டி, ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையற ரப்பர் ஓட்டை வழியா உள்ள இழுத்து, பல்பை டேஷ்போர்டு மேல செல்லோடேப் போட்டு ஒட்டினேன். பிள்ளையாருக்குப் பக்கத்துல. அப்பாவை டிரைவர் சீட்ல உக்கார வெச்சுட்டு, நான் போய் பானெட்டை மெதுவா இறக்கினேன்.

"எரியுதுடா!"

தூக்கினேன்.

"போயிடுச்சு."

இறக்கினேன். "எரியுது." வீட்டு ஃப்ரிட்ஜ் கதவை மூடினதும் உள்ள லைட்டு அணையுதான்னு சின்ன வயசுல எட்டிப் பார்த்திருக்கோம் இல்லை? இது தலைகீழ் ஃப்ரிட்ஜ். மூடினா எரியுது, திறந்தா அணையுது. அப்பா அன்னிக்குத்தான் ரெண்டு வாரத்துல முதல் தடவையா சிரிச்சார்.

பாதி ஜெயிச்ச மாதிரிதான், ஏன்னா பானெட்டுக்குப் போற வயர் கொஞ்சம்தான். எல்லாமே புல்லட் கனெக்டர், துப்பாக்கிக் குண்டு மாதிரி ஒரு முனை, கறுப்பு ரப்பர் ஸ்லீவ்குள்ள சொருகி இருக்கும். ஒண்ணொண்ணா உருவிட்டு, மூடிப் பார்த்தா ஷார்ட் எதுலன்னு தெரிஞ்சுடும். ஹெட்லைட்டை உருவினேன், மூடினேன், எரியுது. சைடு லைட், எரியுது. இண்டிகேட்டர், எரியுது. ஹாரன், எரியுது. தாத்தாவோட பழைய சர்வீஸ் புஸ்தகத்துல வயரிங் படம் இருக்கு, எண்ணெய்க் கறையோட. அதுல பானெட்டுக்குப் போறதா போட்டிருக்கற அத்தனை வயரையும் கழட்டியாச்சு. பானெட்டுக்கும் வண்டிக்கும் மின்சார உறவே இல்லை இப்ப. ஆனாலும் மூடினா எரியுது!

மணி ஏழரை. கொசு புடுங்குது. பெருங்களத்தூர் கொசு பத்தித் தனியா ஒரு பதிவே போடலாம். நான் தோத்துட்டேன்னுதான் நினைச்சேன். கையைக் கழுவிட்டு வந்து சாப்பிட உக்காந்தேன். ஈஸி சேர்ல தாத்தா.

"பானெட் லைட்டு எரியுதாடா?"

எரியுது தாத்தான்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா எரியலையே. ஹெட்லைட் வயரைத்தான் நான் உருவிப் போட்டு வெச்சிருக்கேனே. அந்த ஒரு செகண்ட் தடுமாத்தத்துலதான் கேட்டேன். வேற எந்தப் புத்திசாலித்தனமும் இல்லை.

"எந்த லைட்டு தாத்தா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இது கூடத் தெரியாதாங்கற மாதிரி. "பானெட்டுக்கு உள்ள இருக்கற லைட்டுடா. நான் மாட்டினது. தொறந்தா எரியும். என்ஜின் பாக்க."

அப்பா சாப்பாட்டுல கை வெச்சபடியே நின்னுட்டார்.

கதை இதுதான். வண்டி வாங்கின புதுசுல, மதுராந்தகம் ஏரிக்கரைகிட்ட ராத்திரி பதினொரு மணிக்கு வண்டி நின்னு போச்சு. டார்ச் இல்லை. பாட்டி ஒவ்வொரு தீக்குச்சியாக் கொளுத்திப் புடிக்க, தாத்தா டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைச்சு மாட்டியிருக்கார். ஒரு பெட்டி தீக்குச்சி காலி. பாட்டிக்கு விரல்ல கொப்புளம். "அடுத்த வாரமே ஜி.பி. ரோட்டுல போயி லைட்டு வாங்கியாந்து மாட்டிட்டேன். உங்க பாட்டி கை..."ன்னு சொல்லிட்டுத் தன் விரலைப் பார்த்துக்கிட்டே இருந்தார். பாட்டி போய் ஆறு வருஷம் ஆச்சு.

"எங்கேர்ந்து கரண்ட் எடுத்தீங்க தாத்தா?"

"கன்ட்ரோல் பாக்ஸ்ல 'ஏ'வுலேர்ந்து. பழுப்பு வயரு. எப்பவும் உயிரோட இருக்கற வயரு பழுப்பாத்தான்டா இருக்கணும். வேற கலர் போட்டா பின்னாடி பாக்கறவன் ஏமாந்துடுவான்."

ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் நானும் அப்பாவும் கன்ட்ரோல் பாக்ஸை ஆராய்ஞ்சோம். 'ஏ' முனையில பழுப்பு வயரோட இன்னொரு பழுப்பு வயர் ஒட்டி நின்னுச்சு. படத்துல இல்லாதது. ஃபேக்டரி வயர்க்கட்டுக்கு உள்ளயே விட்டு, மேல துணி டேப் சுத்தி, கம்பெனிக்காரன் போட்ட மாதிரியே பண்ணியிருக்கார். கம்பெனிக்காரரேதானே அவரு! பின்னாடி பாக்கறவன் ஏமாறக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்து ஒரிஜினல் மாதிரி பண்ணதாலதான், பின்னாடி பார்த்த நாங்க மூணு பேரும் ஏமாந்தோம். கன்ட்ரோல் பாக்ஸ் பக்கத்துல டேப்பைப் பிரிச்சா, உள்ள அந்த வயரோட தோல் கருகி, பக்கத்து வயருங்க மேல கறுப்பா ஒட்டிக் கிடந்துச்சு. புகை வந்தது அங்கேர்ந்துதான். இன்னொரு வேகத்தடை ஏறியிருந்தா என்ன ஆயிருக்கும்னு அப்பாவும் பேசலை, நானும் பேசலை.

அந்த வயரைப் புடிச்சுக்கிட்டே போனா, பானெட்டோட இடது ஓரத்துல, உள்மடிப்புல, முனை தெரிஞ்சுது. லைட்டைக் காணோம். எனக்கு ஆறாங்கிளாஸ் படிக்கும்போது வண்டிக்கு ஒரு பட்டறையில பெயின்ட் அடிச்சாங்க. அப்ப அதைக் கழட்டியிருக்காங்க. திரும்ப மாட்டாம, வயர் முனையில ரெண்டு சுத்து இன்சுலேஷன் டேப்பைச் சுத்தி, மடிப்புக்குள்ள சொருகி விட்டுட்டாங்க. பதினஞ்சு பதினாறு வருஷ என்ஜின் சூட்டுல பசை காஞ்சு, டேப் பாம்புச் சட்டை மாதிரி உரிஞ்சு தொங்குது. நாலஞ்சு செம்பு இழை பளபளன்னு வெளிய. பானெட்டை மூடினா அது நேரா உடம்புத் தகட்டுல போய் அமுங்குது. திறந்தா காத்துல ஆடுது. அவ்வளவுதான் அந்த பக். படத்துல இல்லாத வயர், லைட்டு இல்லாத முனை, அதைப் பத்தித் தெரிஞ்சவர் ஒரே ஒருத்தர். அவர் தினமும் இருபது தடவை சொல்லிட்டு இருந்தார்.

நான் கட்டரை எடுத்தேன், அந்த வயரை அடியோட வெட்டிடலாம்னு. அப்பா கையைப் புடிச்சுட்டார். "இரு." உள்ள போய் தாத்தாவைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து முன் டயர்கிட்ட ஸ்டூல் போட்டு உக்கார வெச்சார். "அப்பா, லைட்டு எந்த எடத்துல இருந்துச்சு? கிளிப் எங்க போட்டீங்க?" தாத்தா விரலால தடவித் தடவி ரெண்டு குட்டி ஓட்டையைக் காட்டினார். பெயின்ட்டுக்கு அடியில மூடிக் கிடந்துச்சு. எங்க கண்ணுக்குத் தெரியலை.

அன்னிக்கு மத்தியானமே தாம்பரம் போய் ஒரு சின்ன லைட்டு, 5 வாட் பல்பு, திறந்தா எரியற சுவிட்சு எல்லாம் வாங்கிட்டு வந்தோம். கருகின வயரை மொத்தமா எடுத்துட்டுப் புதுசு போட்டோம். பழுப்பு கலர்தான். கன்ட்ரோல் பாக்ஸை விட்டு வெளிய வந்த உடனே ஒரு 5 ஆம்பியர் ஃபியூஸ். பேட்டரிக்குப் பக்கத்துல பெரிய ஃபியூஸ் ஒண்ணும், பேட்டரியை ஒரே திருகுல துண்டிக்கற சுவிட்சும் தனியா. சர்வீஸ் புஸ்தகத்துல இருந்த வயரிங் படத்துல நான் பென்சில்ல அந்த வயரை வரைஞ்சேன். தாத்தா பேனாவால வரையச் சொன்னார். வரைஞ்சு, பக்கத்துல அவர் பேரை எழுதினேன்.

ராத்திரி ஏழு மணிக்குத் தெரு விளக்கு எரியறதுக்குள்ள பானெட்டைத் தூக்கினோம். லைட்டு எரிஞ்சுது. தாத்தா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "கொஞ்சம் சாஞ்சிருக்கு"ன்னார். சாஞ்சுதான் இருந்துச்சு.

திங்கக்கிழமை அந்த மனுஷர் வந்தார். அப்பா அவருக்குக் காபி குடுத்து, வண்டியைச் சுத்திக் காட்டி, இருபத்தஞ்சு அடி வட்டத்துல இந்தக் கார் எப்படித் திரும்பும்னு தெருவுலயே ஓட்டியும் காட்டிட்டு, கடைசியில "அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்"னு அனுப்பிட்டார். அம்மா மட்டும் இன்னும் சமாதானம் ஆகலை. வண்டிக்குள்ள ஒரு தீயணைப்பு சிலிண்டர், சமையல் ரூம் ஜன்னலை விட்டுப் பத்தடி தள்ளி பார்க்கிங், ரெண்டும் நடந்தாத்தான் பேசுவாளாம். நடந்துச்சு. இப்ப ஹெரால்ட் வேப்பமரத்தடியில நிக்குது. காக்கா வேலையைக் காட்டுது.

தாத்தா இப்பவும் கேக்கறார், "பானெட் லைட்டு எரியுதாடா?"ன்னு. ஞாயித்துக்கிழமை நடந்தது அவருக்கு ஞாபகம் இல்லை. நாங்க போய் பானெட்டைத் தூக்கிக் காட்டறோம்.

டிஸ்கி: புல்லட் கனெக்டருக்குப் போடற அந்தப் பழைய கறுப்பு ரப்பர் ஸ்லீவ் யாருக்காவது எங்கயாவது கண்ணுல பட்டா சொல்லுங்கப்பா. ஒரு டஜன் வேணும். புதுப்பேட்டை பூரா அலைஞ்சுட்டேன். ஒரு கடைக்காரர், "தம்பி, இதையெல்லாம் நீ மியூசியத்துல கேளு"ன்னுட்டார். நற நற.